எபனேசர் கடலில் இறக்கிய ஆமைகள்

தர்ஸ்டே தீவு
6 ஆகஸ்ட் 2001

டெல்ஃபினாவுக்கு,

உன் தந்தை எபனேசரின் கல்லறைக் கல் திறப்பு அக்டோபர் 27, சனிக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. மகளுக்குத் தெரிவிப்பது என் கடமை. தெரிவித்துவிட்டேன்.

கல் கெயின்ஸில் தயாராகிறது. வழக்கப்படி கல் ஏற்பாடு, விருந்துச் சமையல், திறப்பு வரை கல்லைத் துணியால் சுற்றி வைப்பது எல்லாம் என் தம்பிமார் வீட்டுப் பொறுப்பு. உன் தந்தையின் இரத்த உறவுகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உன் சித்தப்பா எலியாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "அண்ணி, பன்னியாவது நான் வாங்கித் தரேனே" என்று தினமும் வாசலில் வந்து நிற்கிறார். "வழக்கம்னா வழக்கம். போய் உக்காருங்க" என்று அனுப்பிவிடுகிறேன்.

கல்லின் தலைப்பில் ஆமை செதுக்கப்படும். அது உன் தந்தையின் குலச் சின்னம். கீழே பெயரும் தேதிகளும். அதற்கும் கீழே ஒரு வரி: "வலையில் விழுந்த ஒவ்வொன்றையும் கடலுக்கே திருப்பித் தந்தவர்."

வரி என்னுடையது. இறால் படகுகளில் மற்றவர்கள் ஓட்டுக்கும் கறிக்கும் ஆமையை வெட்டிய காலத்தில், "விருந்துக்குன்னு நாம தேடிப் போய்ப் பிடிச்சா அது கடல் குடுத்தது. வலையில மாட்டினது கடல் குடுத்தது இல்ல" என்று சொன்னவர் அவர். அசையாமல் கிடந்த ஆமையைக்கூட இரண்டு கையால் தாங்கி, ஒரு நிமிடம் தாமதிக்காமல், தலை முதலில் படும்படி தண்ணீரில் இறக்குவார். இந்த நீரிணை முழுவதும் அவரை அப்படித்தான் அறியும்.

அந்த மனிதர் படுக்கையில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் நடுவே நின்று நீ சொன்னாய்: வலையில் வந்து அசையாமல் கிடக்கும் ஆமை செத்த ஆமை இல்லை, மயங்கிய ஆமை, படகின் தளத்திலேயே வைத்திருந்தால் மூச்சு திரும்பும், உடனே தண்ணீரில் விட்டால் மூழ்கிச் சாகும் என்று. அவர் இறக்கிவிட்டவை எல்லாம் செத்தன என்றுதானே அதற்குப் பொருள்? அதன் பிறகு அந்த மாதத்தை அவர் தாண்டவில்லை.

நீ சொன்னது தவறு என்று எழுதி அனுப்பு. கல் திறக்கும் முன் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன். அப்படியானால் நீ வரலாம். இல்லையென்றால் வர வேண்டாம்.

மையில் எழுது. போன முறை பென்சிலில் எழுதியிருந்தாய்.

கொன்சோலாத்தா மரீக்


லோரிகீட் படகு
கார்ப்பென்டேரியா வளைகுடா
19 ஆகஸ்ட்

அம்மா,

உங்கள் கடிதம் நேற்று தாய்க்கப்பலில் வந்தது. இறாலை ஏற்றிக்கொண்டு டீசலையும் ரொட்டியையும் தபாலையும் இறக்கிவிட்டுப் போகிற கப்பல் அது. நினைத்தபோது வராது. பேனா சமையல்காரருடையது. வரிகள் கோணினால் அலையைத் திட்டுங்கள்.

நீங்கள் கேட்ட கடிதத்தை என்னால் எழுத முடியாது.

அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எலியா சித்தப்பா, அவர் படகு ஆட்கள், வார்பர் தீவிலிருந்து வந்த இரண்டு ஸ்கிப்பர்கள். மறுநாள் விடிந்தால் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அப்பா தலையணையில் சாய்ந்துகொண்டு அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆமை வந்தா உடனே எறக்கிடுங்கடா. மெதுவா, தலை முன்னாடி. காக்க வைக்காதீங்க." அவர் சொன்னால் அவர்கள் அப்படியே செய்வார்கள். அதனால்தான் வாயைத் திறந்தேன். அவரை நோகடிக்க இல்லை அம்மா. கொஞ்சம் மெதுவான வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

இங்கே என் வேலை, படகு படகாக ஏறி வலைகளில் 'ஆமை விலக்கி' என்ற கருவியைப் பொருத்திக் காட்டுவது. வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, வலையின் கடைசிப் பையான மடிக்குள் போய்விடும். ஆமையும் பெரிய திருக்கையும் கம்பியில் முட்டி, மேலே இருக்கும் திறப்பு வழியாக வெளியே போய்விடும். இந்த வளைகுடாவில் அந்தக் கம்பிச் சட்டம் இப்போது கட்டாயம் என்பதால் வைத்துக்கொள்கிறார்கள். பிடித்ததால் அல்ல. இந்தப் படகின் ஸ்கிப்பர் மரே முதல் நாளே, "என்ன மேடம், என் வலைக்கு ஜன்னல் வச்சிட்டீங்க. திரைச்சீலையும் தச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றார். மடியை அவிழ்த்துக் கொட்டும்போதெல்லாம், "அதோ என் எறா எல்லாம் காத்து வாங்கப் போயிடுச்சு" என்று புலம்பல். ஒரு கூடை இறாலுக்கு இத்தனை கூடை கழிசல் மீன் என்று நான் எழுதுவதைப் பார்த்து, "என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு கணக்கு பார்த்ததில்ல" என்கிறார். கெட்ட மனிதர் இல்லை.

அக்டோபர் எங்களுக்குப் புலி இறால் பருவத்தின் நடு. நவம்பர் முடியாமல் படகை விட்டு இறங்க முடியாது. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தத் தேதியா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் கிளம்பிப் போன பிறகு அப்பா ஏதாவது சொன்னாரா?

டெல்லா


தர்ஸ்டே தீவு
3 செப்டம்பர்

டெல்ஃபினாவுக்கு,

ஆம். தெரிந்துதான் அந்தத் தேதி.

கேட்டாய் என்பதால் சொல்கிறேன். நீ கிளம்பிய பிறகு அவர் கைகளைப் போர்வைக்கு வெளியே எடுக்கவில்லை. சூப்பை நான் ஊட்டினேன். குருவானவர் நற்கருணை கொண்டுவந்தபோதும் கையை நீட்டவில்லை, நாக்கில்தான் வாங்கினார். சிரிக்கச் சிரிக்கப் பேசும் மனிதர், சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு நாள் என்னைக் கேட்டார்: "கொன்சி, எல்லாமேவா?"

"இல்ல. ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இதுதான் நடந்தது.

என் வாழ்க்கையில் நான் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னதில்லை. கன்னியர் மடத்தில் சிஸ்டர் பெனிக்னா எங்களை அப்படி வளர்த்தார். சாகப்போகிற மனிதருக்கு அன்று நான் கொடுத்தது ஒரு வாக்கு. அது உண்மையாக இருக்க வேண்டும். உனக்குப் புரிகிறதா? அதற்காகத்தான் உன்னிடம் எழுத்தில் கேட்டேன்.

நீ படித்தவள். நானும் படித்தவள்தான். ஆகவே நேராகக் கேட்கிறேன். வகுப்பில் யாரோ சொன்னதை விடு. செத்தது போல் கிடந்த ஆமை மூச்சு விட்டு எழுந்ததை நீ உன் கண்ணால் பார்த்திருக்கிறாயா? ஒன்றையாவது?

பதிலை மட்டும் எழுது. மரே என்பவரின் வேடிக்கைப் பேச்சு எனக்கு வேண்டாம்.

கொன்சோலாத்தா மரீக்


லோரிகீட்
17 செப்டம்பர்

அம்மா,

இல்லை. பார்த்ததில்லை. வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான். விலக்கியைப் பொருத்திய பிறகு எங்கள் வலை மடியில் ஆமை வருவதே இல்லை, பார்ப்பதற்கு.

இப்படி எழுதி முடித்து மடித்து வைத்திருந்தேன். மறுநாள் விடியற்காலை ஒன்று வந்தது. முந்தின நாள் மரே யாருக்கும் சொல்லாமல் திறப்பைக் கயிற்றால் தைத்து மூடியிருக்கிறார். பக்கத்துப் படகுக்கு நல்ல இறால் பாடு என்று ரேடியோவில் கேட்டாராம், பொறுக்கவில்லை. மடியைக் கொட்டியபோது இறாலுக்கும் கழிசலுக்கும் நடுவே ஒரு பெரிய ஆமை. தலை தொங்கிக் கிடந்தது. கண்ணைத் தொட்டேன். மூடவில்லை.

கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் செய்தேன். பின்புறத்தின் கீழே பழைய டயரை வைத்துத் தலையைவிட உயரமாகத் தூக்கி வைத்தேன், நுரையீரலில் இருக்கும் தண்ணீர் வடிய. நிழல் கட்டினேன். ஈரச் சாக்கு போட்டேன். மரேகூட வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அன்று பகல், இரவு, மறுநாள் பகல்.

செத்துவிட்டது அம்மா. நாற்றம் வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட வரியை இப்போதும் எழுத மாட்டேன். நான் சொன்னது தவறாக இருக்க வேண்டும் என்று உங்களைவிட எனக்குத்தான் ஆசை. அந்த ஆமையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அது எழ வேண்டும் என்று வேண்டினேனா, எழக் கூடாது என்று வேண்டினேனா என்று எனக்கே தெரியவில்லை.

டெல்லா


தர்ஸ்டே தீவு
1 அக்டோபர்

டெல்ஃபினாவுக்கு,

உன் நேர்மைக்கு நன்றி.

நீ ஒப்புக்கொள்ளாவிட்டாலும் உன் கடிதம் ஒப்புக்கொள்கிறது. சொல்லிக்கொடுத்தபடி எல்லாம் செய்தும் அது எழவில்லை. ஆகவே உன் தந்தை இறக்கிவிட்டவை, இறக்கும் முன்பே செத்தவை. அவர் அவற்றை நல்லடக்கம் செய்தார். வேறொன்றும் இல்லை. 27-ஆம் தேதி இதைத்தான் வாசிக்கப் போகிறேன். உன்னால் வர முடியாது என்று தெரியும். உன் இடம் முன்வரிசையில் காலியாக இருக்கும். இனி அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

எலியாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "ஒண்ணு செத்தா எல்லாம் செத்ததுன்னு ஆயிடுமா அண்ணி?"

"உங்க அண்ணன் மானம் உங்களுக்கு வேணுமா வேண்டாமா?" என்றேன்.

"வேணும். அதான் கேக்கறேன்" என்றார். டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. வெயில் காலம் தொடங்கிவிட்டது, அதனால் இருக்கலாம்.

கொன்சோலாத்தா மரீக்


லோரிகீட்
9 அக்டோபர்

அம்மா,

அதை வாசிக்காதீர்கள்.

ஒரு ஆமை எவ்வளவு நேரம் தண்ணீருக்கடியில் இழுபட்டது என்பதைப் பொறுத்தது அது. சில எழாது. சில எழும். அப்பா கல்லறைக்கு முன்னால் நின்று என் கடிதத்தை வைத்து நீங்கள் அப்படிச் சொன்னால், அங்கே நிற்கிற ஸ்கிப்பர்கள் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாளிலிருந்து மறுபடி உடனே தூக்கிப் போடுவார்கள். உங்கள் பக்கத்துப் படகுகளுக்கு விலக்கிகூட இன்னும் வரவில்லை.

அப்பாவை மறுபடி நோகடிக்க வேண்டும் என்று இல்லை. அவர் பெயரால் இனி ஒன்றுகூட மூழ்கக் கூடாது, அவ்வளவுதான்.

டெல்லா


தர்ஸ்டே தீவு
19 அக்டோபர்

டெல்ஃபினா,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. அதற்கு முந்தின நாள் நடந்ததை, நடந்தபடியே எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன்.

புதன்கிழமை காலைப் பூசை முடிந்து கோயில் படி இறங்கினேன். எலியா மீன் செதிலோடு, செருப்பு இல்லாமல், நின்றுகொண்டிருந்தார். "அண்ணி, படகுக்கு வாங்க. ஒண்ணு வந்திருக்கு. கடைசியா இழுத்த வலையில. எறக்கலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"நான் எறக்கினா உங்க பேச்சைக் கேட்டதா ஆகும். வச்சிருந்தா டெல்லா பாப்பா பேச்சைக் கேட்டதா ஆகும். ரெண்டு பேர்கிட்டயும் என்னால திட்டு வாங்க முடியாது."

பூசைக்குப் போட்ட உடுப்போடு துறைமுகத்துக்குப் போனேன். தளத்தில் கிடந்தது. உன்னுடையதைப் போலவே தலை தொங்கியிருந்தது. நீ எழுதியபடி பின்புறத்தை டயர் மேல் உயர்த்தி வைக்கச் சொன்னேன். வாயிலிருந்து தண்ணீர் வடிந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பி உன் தந்தையின் பழைய துண்டை எடுத்துவரச் சொல்லி, நனைத்து ஓட்டின் மேல் போட்டேன். கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தேன்.

எலியாவின் படகில் டோபி என்று ஒருவன் இருக்கிறான், வாய் நீளம். "ஆன்ட்டி, அது எப்பவோ போயாச்சு. ஆமை கத்தோலிக்கமும் இல்ல, அதுக்கு எதுக்கு ஜெபமாலை?" என்றான்.

"உனக்கும்தான் அது வேலை செய்யல. அதுக்காக நான் நிறுத்தினேனா?" என்றேன். போய் வலையைத் தைத்தான்.

எதற்காக ஜெபித்தேன் என்பதை மையில் எழுதுகிறேன். அது சாக வேண்டும் என்று ஜெபித்தேன். ஒவ்வொரு மணிக்கும். அது செத்தே இருக்க வேண்டும், நான் அவருக்குச் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று. மதியம் எலியா சோறு கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். துண்டு காய்ந்தபோதெல்லாம் நனைத்தேன். சாகட்டும் என்று வேண்டிக்கொண்டே அதை ஏன் நனைத்தேன் என்று கேட்காதே.

வெயில் சாயும் நேரத்தில் அதன் தொண்டை அசைந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். காற்று இல்லை. பிறகு தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, மூச்சை உள்ளே இழுத்தது. படுக்கையில் நெடுநாள் கிடந்தவர் எழுந்து உட்காரும்போது வருமே, அந்தச் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஒரு வருடம் அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த கட்டிலில் படுத்திருந்தவள் நான்.

டோபி "அடேய்!" என்று கத்தினான். எலியா தொப்பியைக் கழற்றினார்.

நான் என்ன செய்தேன் என்று அவர்கள் உனக்குச் சொல்வார்கள். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஆமையின் ஓட்டில் இரண்டு கையாலும் அடித்தேன். "ஒரு பகல். ஒரே ஒரு பகல் பொறுத்திருக்கக் கூடாதா நீங்க? என்ன அவசரம் உங்களுக்கு? எப்பவும் அவசரம்!" என்று சத்தம் போட்டேன். ஆமையிடம் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. துறைமுகத்தில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

கோயிலில் மாலை மணி அடித்த பிறகு எலியா அதைத் தண்ணீரில் இறக்கினார். இரண்டு கையாலும் தாங்கி, மெதுவாக, தலை முதலில். உன் தந்தை இறக்குவது அப்படியே. ஒரு விரல்கூட மாறவில்லை. அவர் காலையில் இறக்குவார், இவர் மாலையில் இறக்கினார். அது நீந்திப் போனது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

27-ஆம் தேதி எதுவும் இல்லை. தம்பிமாரிடம் சொல்லிவிட்டேன். பன்றிகளைத் திருப்பி அனுப்பியாயிற்று. கல் செதுக்குகிறவருக்குத் தந்தி போலச் சுருக்கமாக எழுதினேன்: நிறுத்துங்கள்.

அவரிடம் நான் ஒன்றுகூட இல்லை என்று சொன்னேன், டெல்லா.

கொ. ம.


லோரிகீட்
2 நவம்பர்

அம்மா,

உங்கள் கடிதத்தை வலை இழுக்கும் வின்ச்சுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். மரே வந்து என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒரு ஆமை பிழைத்தது என்றேன். "அதுக்கா அழறீங்க?" என்றார். ஆமாம் என்றேன். எங்கள் ஆமை செத்த பிறகு அவர் வலையின் திறப்பைத் தைக்கவில்லை என்பதை உங்களுக்கு எழுதச் சொன்னார். ஏன் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது என்று தெரியவில்லை.

நான் சொன்னது சரி என்று ஆனது. எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை. இன்னும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் தெரியாமலே போயிருப்பார். அறைக்கு வெளியே வந்து சித்தப்பாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். வாசல் நாலு அடி தூரத்தில் இருந்தது. இதைத்தான் தினமும் நினைக்கிறேன். நீங்கள் என்னை வர வேண்டாம் என்று சொன்னது நியாயம்தான்.

அப்பாவுக்குத் தெரியாது அம்மா. அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் காலால் தள்ளினார்கள். அவர் ஒருவர்தான் குனிந்தார்.

டெல்லா


தர்ஸ்டே தீவு
13 நவம்பர்

மகளே,

வாசல் நாலு அடி தூரம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வாசலில் நின்றது நான். எலியாவை நீ வெளியே கூப்பிட்டிருந்தால், "நோயாளி பேசிட்டிருக்கார், என்ன ரகசியம்?" என்று கேட்டு எல்லோர் முன்னாலும் உன்னைப் பேச வைத்திருப்பேன். உனக்கு என்னைத் தெரியும். இனி அந்த வாசலைப் பற்றி எழுதாதே.

மறுநாள் காலை அவர்கள் கடலுக்குப் போகிறவர்கள் என்பதை நான் அன்று நினைக்கவில்லை. அவரை மட்டும்தான் நினைத்தேன். நீ அவரையும் நினைத்தாய், அவர்களையும் நினைத்தாய். எதற்கு அதிக அன்பு வேண்டும் என்று சிஸ்டர் பெனிக்னாதான் சொல்ல வேண்டும். அவரும் போய்விட்டார்.

கல் திறப்பு டிசம்பர் 8, அமலோற்பவத் திருநாள். உன் பருவம் முடிந்திருக்கும். அதற்குத்தான் அந்தத் தேதி.

கீழே இருந்த வரியை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். வேறு எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை. பெயர், தேதிகள், ஆமை. ஆமையை மட்டும் நானே புதிதாக வரைந்து அனுப்பினேன். கெயின்ஸிலிருந்து கல் செதுக்குகிறவர் போன் செய்தார்.

"அம்மா, நீங்க வரைஞ்ச ஆமை சாஞ்சு நிக்குது. பின்பக்கம் மேல தூக்கிட்டு, தலை கீழ இருக்கு. தவறிப் போச்சா? நேராக்கிடவா?"

"தவறல. அப்படியே செதுக்குங்க."

"பாக்கறவங்க என் கையைத்தானே குத்தம் சொல்வாங்க?"

"அவங்களை என்கிட்ட அனுப்புங்க."

துணியை எடுத்ததும் எல்லோரும் கேட்பார்கள். இந்தத் தீவில் கேட்காமல் விடுகிறவர் யார்? ஏன் சாய்ந்திருக்கிறது, ஏன் பின்புறம் உயரம் என்று. கேட்பவர்களில் பாதிப் பேர் திங்கட்கிழமை கடலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல நீ அங்கே நிற்க வேண்டும். என்னால் முடியாது. அன்று அறையில் சொன்ன மாதிரியே சொல். மெதுவான வார்த்தை தேடாதே. நீ வந்து நிற்கும் வரை துணியை எடுக்க விட மாட்டேன் என்று தம்பிமாரிடம் சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொல். எப்படி வைக்க வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், உன் ஆமை செத்தது, எலியாவின் ஆமை பிழைத்தது, உன் தந்தை எப்படிக் குனிவார் என்பது, எல்லாம்.

"எல்லாமேவா" என்று அவர் என்னைக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் மட்டும் சொல்லாதே. அது எனக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும். நான் போனதும் அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா